போர்வை போர்த்திக்கொண்டு உசிலம்பட்டி போன டிவி

நிலா, முகில், இது உங்கள் இரண்டு பேருக்கும்.

"எங்கப்பா டிவி விக்கிறாரு" என்று முகில் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தான். "டிவி இல்லடா, விளம்பரம்" என்று நிலா அவனைத் திருத்தினாள். ஏழாவது படிக்கிறவளுக்கும் பாதிதான் தெரிகிறது, மூன்றாவது படிக்கிறவனுக்கும் பாதிதான் தெரிகிறது. மதுரைப் பக்கம் போயிருந்த நான்கு நாளும் போனில் உங்களிடம் அரைகுறையாகப் பேசினேன். அதை முழுசாகச் சொல்லத்தான் இந்த எழுத்து. பத்தாவதோடு நின்றவன் எழுதுவது; பிழை இருந்தால் நிலா சிவப்பு மையில் சுழித்துக்கொள்ளட்டும்.

நான் விற்பது கடைகளில் மாட்டுகிற டிஜிட்டல் போர்டு. பார்க்க டிவி மாதிரி இருக்கும், டிவியேதான். பின்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி சொருகியிருக்கும். செல்போனில் படமோ எழுத்தோ ஏற்றினால் அது திரையில் ஓடும். காலையில் இட்லி விலை, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜி என்று கடைக்காரர் இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கடைக்காரரிடம் நான் நேராக விற்பதில்லை. ஊருக்கு ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த ஊர்க் கடைக்காரர்கள் நம்பி உள்ளே விடுகிற ஆளாக இருக்க வேண்டும். அவருக்குப் பெயர் பார்ட்னர். அவர் சேர்த்துவிடுகிற ஒவ்வொரு கடைக்கும் மாதாமாதம் அவருக்கு ஒரு பங்கு போகும். அந்தப் பார்ட்னரைப் பிடிப்பதுதான் என் வேலை.

மதுரைப் பக்கம் ஒருவரும் சிக்கவில்லை. "இந்த வாரத்துக்குள்ள அங்க ஒரு பார்ட்னராவது சேந்து, ஒரு கடையிலாவது திரை ஓடணும். இல்லன்னா இந்த வேலைய மூடிடலாம். ராய்ப்பூர் கிடங்குல ஆள் தேவை, நீங்க அங்க போயிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ராய்ப்பூர் போனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் தருமபுரி. இதை நான் அம்மாவிடம் அடுப்படியில் மெதுவாகத்தான் சொன்னேன். உங்கள் காதில் எப்படி விழுந்ததோ தெரியவில்லை.

காட்டுவதற்கு ஒரு திரையைக் கூடவே கொண்டுபோக வேண்டியிருந்தது. அட்டைப் பெட்டி கிழிந்து கிடந்ததால் நிலாவின் கரடிப் படம் போட்ட போர்வையை எடுத்துச் சுற்றினேன். அவள் முடிச்சைப் பிடித்துக் கொடுத்தாள். கிளம்பும்போது சொன்னாள்.

"டிவியத் திருப்பி எடுத்துட்டு வந்துடாதீங்கப்பா. போர்வைய மட்டும் எடுத்துட்டு வாங்க."

திங்கட்கிழமை மத்தியானம் திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியில் இறங்கினேன். நம் ஊரில் வெயில் அடித்தாலும் எங்கிருந்தாவது ஒரு காற்று வந்து சட்டைக்குள் நுழையும். இங்கே தார் ரோடும் வானமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. டிவியைத் தோளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடந்தேன்.

பசி. ஒரு வீட்டின் முன் அறையில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். கணவர் பரிமாறினார், அந்த அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரும் தங்களுக்குள் வேறொரு பாஷை பேசினார்கள். நமக்குக் கன்னடமும் தெலுங்கும் காதுக்குப் பழக்கம்; இது இரண்டும் இல்லை. பேச்சுக்கு நடுவில் அடிக்கடி என்னையும் சுவரில் சாய்த்து வைத்திருந்த போர்வையையும் பார்த்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து இலைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "சௌராஷ்டிரா பேசுறாகண்ணே. பயப்படாதீங்க. நான் இந்தத் தெருவுலயே பொறந்து வளந்தவன், சொல்றேன் கேளுங்க. அந்தக்கா என்ன கேக்குறாகன்னா, இந்த மனுசன் ரிப்பேர் டிவிய எங்க தூக்கிட்டு அலையிறாருன்னு கேக்குறாக. அவரு சொல்றாரு, விக்கத்தான் வந்திருப்பான், ஒருத்தனும் வாங்கிருக்க மாட்டான், மூஞ்சியே சொல்லுதே, பாவம், இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துவோம்னு."

சொல்லி முடிக்கவும் சாம்பார் வாளி வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல சாம்பார். ஆனால் 'மூஞ்சியே சொல்லுதே' என்றது சாயங்காலம் வரை காதிலேயே நின்றது.

அன்றைக்கு நான் பார்க்கப் போனவர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டுகிறவர். நான் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் கையை நீட்டிவிட்டார். "சேந்துட்டேன்ணே! நம்ம கேமரா மாட்டுற அம்புட்டு கடையிலயும் போட்டுருவோம். தண்ணி மெசினுக்கு நாந்தான் பார்ட்னரு, இன்சூரன்சுக்கு நாந்தான், சோலார் கம்பெனிக்கும் நாந்தான். நாளைக்குக் காலைல ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. வண்டிய எடுத்துட்டு வாரேன். ரெண்டு கடையில மாட்டிட்டுத்தான் டீயே குடிக்கிறோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் போனில் "வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? அது இவரை நம்பித்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் நின்றேன். "இந்தா வந்துக்கிட்டே இருக்கேண்ணே" என்றார். பருத்திப்பால் குடித்தேன், வெல்லமும் சுக்கும் போட்டுச் சூடாகக் கொடுக்கிறார்கள், முகிலுக்குப் பிடிக்கும். மறுபடி கூப்பிட்டேன். "சிக்னல்ல நிக்கிறேண்ணே" என்றார். அந்தச் சிக்னலில் அவர் எவ்வளவு நேரம் நிற்பார்! நான் பஸ் ஸ்டாண்டை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். டிவியை வைத்துவிட்டு உட்காரலாம் என்றால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. வெயில் ஏறியது. கடைசியில் அவர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

தேனிப் பக்கம் போகிற பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. "செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, ஏறு ஏறு ஏறு" என்று கண்டக்டர் கத்தினார். உசிலம்பட்டியில் ஃப்ளெக்ஸ் பேனர் போடுகிற ஒருவரைப் பற்றி யாரோ சொல்லி போனில் குறித்துவைத்திருந்தேன். யோசிக்காமல் ஏறிவிட்டேன்.

"என்னண்ணே இது, ஆளா பொருளா? ஆளுன்னா டிக்கெட்டு, பொருளுன்னா லக்கேஜு" என்றார் கண்டக்டர் போர்வையைத் தட்டிப் பார்த்து.

"டிவிங்கண்ணா."

"அண்ணாவா? வடக்கத்தி ஆளா நீங்க? அங்கிட்டு டிவிக்கெல்லாம் குளிருமோ?"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்ததால் டிவிக்கும் ஒரு சீட்டு கிடைத்தது. வெளியே காய்ந்த செம்மண்ணும் சீமைக்கருவேலமும் நடுவில் சோளத்தட்டைகளுமாக நிலம் ஓடியது. மழை வந்தால்தான் வெள்ளாமை என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர். நம் ஊர் ராகிக் காடு மாதிரியேதான், மலையை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஃப்ளெக்ஸ்காரர் பெயர் மாயன். முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் சின்னக் கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். நான் போனபோது ஒரு மீசைக்காரரின் படத்தைப் பெரிதாக்கி, காதைச் சுற்றி இருந்த சுவரை மவுசால் வெட்டிக்கொண்டிருந்தார். முகங்களை இப்படி வெட்டி எடுத்துத்தான் பேனரில் வரிசையாக ஒட்டுகிறார்கள். டிசைன் இங்கே, அச்சடிப்பது மதுரையில்.

நான் எல்லாம் சொன்னேன். அவர் மவுசை விடாமல் கேட்டார். முடிந்ததும் நாற்காலியைத் திருப்பினார்.

"அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கடைக்காரன் டிவி மாட்டிட்டா எங்கிட்ட ஃப்ளெக்ஸுக்கு எதுக்கு வருவான்? என் சோத்துல மண்ண அள்ளிப் போடணும், அதுக்கு நானே மண்ணு சுமக்கணும், அதுல எனக்குப் பங்கு வேற தருவீக. அப்படித்தானே?"

"அப்படி இல்லீங்க" என்றேன். எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

"கோவப்படாதீங்கண்ணே. டீ குடிங்க. அந்தா, எதுத்தாப்ல தவமணியக்கா கடை. காராச்சேவு, மிக்சரு. அங்க கொண்டுபோயி மாட்டுங்க. அந்தக்காவுக்கு ஒரு பாக்கெட்டு கூட வித்துருச்சுன்னு சொல்லட்டும், நான் ஒங்களுக்கு மாலை போடுறேன்." லந்துக்குத்தான், கிண்டலாகத்தான் சொன்னார். நான் எழுந்து நேராக அந்தக் கடைக்குப் போய்விட்டேன்.

தவமணி அம்மாவுக்கு உங்கள் அம்மா வயது. சட்டியில் சேவு பிழிந்துகொண்டே கேட்டார். "காசு கேப்பீகளா?"

"ரெண்டு நாள் சும்மா ஓடட்டும்மா. பிடிச்சா பாத்துக்கலாம்."

"வியாழக்கிழமை எம் பொண்ணுக்குக் காதுகுத்துண்ணே, கடை அடைப்பு. அதுவரைக்கும் வச்சுக்கங்க."

மாட்டினேன். 'சூடான காராச்சேவு', 'மொறுமொறு மிக்சர்' என்று படத்தோடு ஏற்றினேன். பார்க்க ஜோராக இருந்தது. ஆட்களும் நின்றார்கள். நின்றவர்களில் ஒருவர், "அக்கா, கிரிக்கெட்டு போடுக்கா" என்றார். இன்னொருவர், "இது என்ன, காராச்சேவையே காட்டிக்கிட்டு இருக்கு? கெட்டுப்போச்சா?" என்றார். ஒரு பெண் சீரியல் கேட்டார். எதிர்க் கடையிலிருந்து மாயன் தன் மாப்ள ஒருவரிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை கையை வீசிக்கொண்டு டி. கல்லுப்பட்டி போனேன். காந்தி ஆசிரமம் இருக்கிற ஊர். உள்ளே போய்ப் பார்த்து உங்களுக்குச் சொல்லலாம் என்று இருந்தது. வாசல் வரை போனேன், கால் நிற்கவில்லை, திரும்பிவிட்டேன். பம்ப்செட் கடைக்காரர், "என் கடை இருக்கிறது ஊருக்கே தெரியும் தம்பி" என்றார். மருந்துக்கடைக்காரர், "எங்கிட்ட இருக்கிறதெல்லாம் எழுதிப் போட்டா பாக்குறவனுக்கு வியாதி வந்துரும்" என்றார். வரும் வழியில் பஸ் டயர் பஞ்சராகி ஒரு புளியமரத்தடியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து கதை பேசினார்கள். நான் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

உசிலம்பட்டி திரும்பியபோது தவமணி அம்மா கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "டிவி நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா எங்கிட்ட காராச்சேவு இருக்குன்னு ஊருக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு டிவி? விசேசம் முடிஞ்சதும் கழட்டிக்கங்க. ஒங்களுக்கும் பத்திரிகை வச்ச மாதிரிதான். இருந்து கறிச்சோறு தின்னுட்டுப் போங்க."

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டார். "ராய்ப்பூருக்கு ஆள் பேர் குடுக்கணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன்" என்றார். அதற்குப் பிறகு முகில் கூப்பிட்டு, ராய்ப்பூரில் யானை இருக்குமா என்று கேட்டான். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை மண்டபம். அது தெருக்கோடியில், கடையிலிருந்து நடக்கிற தூரம். வாசல் முழுக்க மாயன் போட்ட ஃப்ளெக்ஸ். நடுவில் குழந்தை ரித்திகா கிரீடத்தோடு. சுற்றிலும் சொந்தக்காரர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், போனைக் காதில் வைத்தவர்கள், கும்பிடுகிறவர்கள். நம் ஊரிலும் பேனர் வைப்போம், இவ்வளவு முகம் வைக்க மாட்டோம். ஒரு கல்யாண மண்டபமே துணியில் நின்றது.

இந்தப் பக்கத்துக் காதுகுத்தில் தாய்மாமன்தான் எல்லாம். அவர் சீர்த்தட்டு, கிடாய், மேளத்தோடு ஊர்வலமாக வருவார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். தவமணி அம்மாவுக்கு ஒரு அண்ணன், செல்வம். ஒரு தம்பி, பாண்டி. மூத்த பையனுக்கு அண்ணன் மடி, இந்தப் பெண்ணுக்குத் தம்பி மடி என்று பேச்சு. அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார்.

தம்பி பாண்டி மேளதாளத்தோடு வந்தார். பின்னால் தட்டு ஏந்திய பெண்கள், மாலை போட்ட கிடாய். வாசலுக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற மாதிரி பேனரில் தன் முகத்தைத் தேடினார். இடமிருந்து வலம் பார்த்தார். மறுபடி மேலிருந்து கீழ் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். மேளம் நின்றது.

"செல்வம் அண்ணே இருக்கு. மச்சான் இருக்காரு. மச்சானுக்குப் பால் ஊத்துறவன்கூட இருக்கான். எம் மூஞ்சி எங்க?"

தவமணி அம்மா உள்ளே இருந்து ஓடி வந்தார். "ஏய் பாண்டி, நெசமாத் தெரியாதுடா. வா உள்ள, நேரம் போகுது."

"அஞ்சு வருசம் முன்னாடி என் மூஞ்சிய வெட்டிப்புட்டு பேனர் வச்சீக. சரி, சண்டை. நான் வரல. போன வருசம் வீட்டுக்கு வந்து நீயே அழுது கூப்பிட்ட. நானும் எல்லாத்தையும் மறந்துட்டேன்னு நெனச்சு சீரு தூக்கிட்டு வந்தா, இன்னமும் வெட்டித்தான் வச்சிருக்கீக! தட்ட எறக்குங்கடா. வண்டியத் திருப்பு."

"தம்பி, ஒன் மடியிலதான் குத்தணும்னு புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கேன்டா" என்று அந்த அம்மா ஒரு சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளே குழந்தை பட்டுப்பாவாடையோடு காத்திருந்தாள். ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

மாயனை இழுத்து வந்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, எந் தப்புத்தான். மூத்தவன் காதுகுத்துக்குப் போட்ட பழைய பேனரத் தெறந்து, புள்ள படத்தையும் தேதியையும் மட்டும் மாத்தினேன். அதுல பாண்டியண்ணே இல்ல. அது எனக்குத் தோணலக்கா."

"கூறுகெட்டவனே, சண்டையும் சேத்தாடா காப்பி அடிச்ச?" என்றார் செல்வம்.

"புதுசா அடிக்கணும்டா இப்பவே!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"மதுரைக்கு அனுப்பி, அடிச்சு, பஸ்ல போட்டு வரணும்ணே. சாயங்காலம் ஆயிரும்."

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். பிறத்தியார் வீட்டு விஷயம். ஆனால் கால் தானாகவே கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டது. திரும்பி வந்து மாயனின் சட்டையைப் பிடித்தேன். "அண்ணா, அவர் படம் எங்கயாவது இருக்கா? எதுவா இருந்தாலும் சரி."

அவர் சட்டைப்பையில் கடைச் சாவியைத் தடவிப் பார்த்தார். பிறகு ஓடினார். நானும் ஓடினேன். தவமணி அம்மா இடுப்பிலிருந்து சாவியை எறிந்தார். சீர் கொண்டுவந்த குட்டி யானை வண்டியிலேயே டிவியைப் போர்வையோடு ஏற்றினோம். இன்னொரு கிடாய் அதில் கட்டிக் கிடந்தது. வழி முழுக்கக் கரடியின் காதை மென்றுகொண்டே வந்தது.

மண்டப வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு டிவியைக் கட்டினோம். மைக்செட்காரர் கரண்ட் கொடுத்தார். மாயன் கடையிலிருந்து போனில் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "இருக்குண்ணே! அந்தப் பழைய பேனருலயே இருக்கு. அன்னைக்கு எடுக்கச் சொன்னாக, எனக்கு அழிக்க மனசு வரல, தெரியாத மாதிரி அந்த ஃபைலுக்குள்ளயே மறைச்சு வச்சிருக்கேன். இந்தா அனுப்புறேன்."

வந்தது. ஏற்றினேன். திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது வட்டம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வட்டத்தை நான் பார்த்ததில்லை. பாண்டி வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

அப்போது திரை முழுக்க அவர் முகம். ஐந்து வருடம் முந்தைய முகம், ஒல்லியாக, தலை நிறைய முடியோடு. கீழே 'தாய்மாமன் பாண்டி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று நான் தட்டியது.

மேளக்காரர்தான் முதலில் சிரித்தார். "மாப்ள, ஒனக்கு இம்புட்டு முடி இருந்துச்சா?"

பாண்டி காலை இறக்கினார். கிட்டே வந்து பார்த்தார். "இது எப்ப எடுத்தது?"

"அப்பவே வச்சிருந்தேண்ணே. அழிக்கல" என்றார் ஓடி வந்து சேர்ந்த மாயன்.

"எம்புட்டு நேரம் நிக்கும் இது?"

"நீங்க சொல்ற வரைக்கும் நிக்குங்க" என்றேன் நான்.

அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தவமணி அம்மா பக்கத்தில் வந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாண்டி திரையைக் காட்டினார். "நான் மட்டும் தனியா நின்னா நல்லாவா இருக்கு? செல்வம் அண்ணனப் பக்கத்துல போடுங்க. ஏய், மேளம் எதுக்கு நிக்கிது?"

குழந்தை அவர் மடியில்தான் காது குத்திக்கொண்டாள். அழுதாள். அவரும் அழுதார். குழந்தை அழுததால் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பேனரில் இருந்தவர்கள் எல்லாம் அதை விட்டுவிட்டு டிவி முன்னால் வந்து நின்றார்கள். "நம்ம மூஞ்சி எப்ப வரும்?" "அவனுக்கு ரொம்ப நேரம் நிக்கிது, எனக்கு வந்த வேகத்துல போகுது." "சித்தப்பா வந்தாரு, சின்னம்மா எங்க?" மாயன் படியில் உட்கார்ந்து என் போனை வாங்கி, கடையிலிருந்து எடுத்துவந்த வெட்டி வைத்த முகங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே இருந்தார். எல்லோருடைய முகமும் அவரிடம் இருந்தது. சுற்றுப்பட்டி அத்தனை ஊர் முகமும் இருந்தது. நான் ஊர் ஊராக ஆள் தேடி அலைந்தேனே, அந்த ஆள் தெருவே கூடி நின்ற படியில் உட்கார்ந்து "இருப்பா, வரும்ப்பா" என்று எல்லோரையும் சமாளித்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். கறிக்குழம்பு காரம் கண்ணில் தெரிந்தது.

"அண்ணே, அந்தப் பார்ட்னரு விசயம் இன்னும் இருக்கா?"

கையில் இருந்த எலும்பை இலையில் வைத்தேன். தலையை ஆட்டினேன்.

"ஒண்ணு சொல்றேன். கடைக்காரன்ட்ட போயி ஒன் காராச்சேவப் போடுன்னு சொன்னா வெரட்டுவான். ஒன் மச்சான் வீட்டு விசேசத்தப் போடு, தெருக்காரன் புள்ள காலேஜு சேந்தாப் போடு, நடுவுல காராச்சேவும் வரட்டும்னு சொல்லணும். அவனவன் தன் மூஞ்சியப் பாக்க வருவான், வந்தவன் சும்மா போவானா? ஃப்ளெக்ஸு வாசல்ல நிக்கட்டும். அதுல விட்டுப்போனவனுக்கு இது. இனி எவன்கிட்டயும் நான் அடி வாங்க முடியாதுண்ணே." அந்த வாசலில் அவர் பயந்தது எனக்குத்தான் தெரியும். நானும் வேறொரு பயத்தோடு அங்கேதான் நின்றேன்.

சாயங்காலம் டிவியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனபோது தவமணி அம்மா, "இங்கயே மாட்டுங்கண்ணே" என்றார். 'வந்திருந்து வாழ்த்திய அனைவருக்கும் நன்றி' என்று எல்லா முகத்தையும் ஓடவிட்டார் மாயன். மேனேஜரிடம் சொன்னேன். "ஒரு ஆளா? காதுகுத்தா?" என்றார். "மேல பேசிட்டுச் சொல்றேன்."

அதனால்தான் அன்றும் உங்களிடம் சரியாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்புமுன் கடைக்குப் போனேன். தன் படம் வரும் வரைக்கும் நின்ற ஒருவர் கால் கிலோ சேவு வாங்கிக்கொண்டு போனார். தவமணி அம்மா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்து, கரடியின் காதுக்கு இரண்டு தையலும் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து போனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தத் திரை ஓடுகிறது என்பதற்கு ஒரு பச்சைப் புள்ளி தெரியும். திண்டுக்கல்லில் பார்த்தேன், பச்சை. வேடசந்தூரில் பார்த்தேன், பச்சை. கரூருக்குள் நுழையும்போது மேனேஜர் கூப்பிட்டார். "மாயன் இன்னும் ரெண்டு கடை கேட்டு எழுதியிருக்காரு. ராய்ப்பூருக்கு வேற ஆளப் பாத்துக்குறோம். அடுத்த வாரம் தேனி போயிட்டு வாங்க." போயிட்டு வாங்க என்றார். வாங்க என்றார்.

கரூர் தாண்டும்போது நிலா கூப்பிட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"கரூர் தாண்டிட்டேன்."

ராய்ப்பூர் என்ற பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கையில என்ன இருக்கு?" என்றாள்.

"போர்வை."

"அப்புறம்?"

"கொஞ்சம் காராச்சேவு."

"அப்புறம்ப்பா?"

"அவ்ளோதாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. "போர்வை மட்டுந்தான்டா! போர்வை மட்டுந்தான்!" என்று கத்திக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் அம்மாவைத் தேடி ஓடினீர்கள். போனை எடுத்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் வைக்கவில்லை. நாமக்கல் வரும் வரைக்கும் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.